நாய்க்குட்டி வாங்குவதற்கு முன்: வடசென்னையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் நாய் வளர்ப்பவர்களும் வளர்க்க ஆசைப்படுபவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். போனில் தனித்தனியாகச் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணா, நாய்க்குட்டி விக்கிறதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா? யார் வேணா விக்கலாம்னுதானே நினைச்சோம்?

வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கென்றே தனி விதிகள் வந்தன. அதன்படி குட்டி போட வைத்து விற்கும் யாரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், 2 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். கடை வைத்து விற்பவர்களுக்கு 2018இல் செல்லப்பிராணிக் கடை விதிகள் வந்தன, அவர்களுக்கு அது தனிப் பதிவு.

ஆகவே, கொளத்தூரில் கடை வைத்திருந்தாலும் சரி, கொருக்குப்பேட்டையில் மொட்டை மாடியில் நாலு நாய் வைத்துக் குட்டி விற்றாலும் சரி, முதலில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, அது உங்கள் உரிமை.

அந்த விதியில அப்படி என்னதான் இருக்கு? சுருக்கமா சொல்லுங்க.

முக்கால்வாசி தாய் நாயைப் பற்றித்தான். 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. 8 வயதுக்கு மேல் கூடாது. வருடத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு மொத்தம் 5 ஈற்றுதான். ஒவ்வொரு முறையும் இணை சேர்ப்பதற்கு முன்னால் கால்நடை மருத்துவர் பார்த்து உடல்நிலை தாங்கும் என்று சான்று தர வேண்டும்.

குட்டிகளைப் பொறுத்தவரை, 8 வாரம் முடியாமல் விற்கக் கூடாது, மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப்) தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். எந்தத் தாய்க்கு எப்போது எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை செத்தது, எது யாருக்குப் போனது என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும். சரியாக நடத்துபவரிடம் அந்தப் பதிவேடு கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

45 நாள் குட்டியே நல்லா சோறு தின்னுது, ஊசியும் போட்டாச்சுன்றாங்க. 8 வாரம் எதுக்கு?

சோறு தின்பதும் தாயை விட்டுப் பிரியத் தயாராவதும் ஒன்றல்ல. சீம்பாலில் வந்த நோய் எதிர்ப்பு அந்த வயதில்தான் மெல்லக் குறைந்துகொண்டு வரும், ஊசியின் எதிர்ப்பு இன்னும் முழுதாக ஏறியிருக்காது. பார்வோ, டிஸ்டெம்பர் என்று குட்டிகளைக் கொல்லும் இரண்டு வைரஸ் நோய்களும் அடிப்பது இந்த இடைவெளியில்தான். இன்னொன்று, கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரிந்த குட்டி பின்னாளில் வீட்டுக் குழந்தையின் கையைப் பல் பதியக் கடித்தால் அந்தக் குற்றம் குட்டி மேல் இல்லை.

விற்பவர் ஏன் 30, 35 நாளிலேயே தள்ளிவிடுகிறார் என்றால், சின்னதாக இருக்கும்போது கண்ணுக்கு அழகு, கேட்ட விலை கிடைக்கும், தீனிச் செலவும் ஊசிச் செலவும் உங்கள் தலையில் வந்துவிடும். வயதை நீங்களே ஓரளவு கணிக்கலாம், வாயைத் திறந்து பாருங்கள். 8 வாரத்தில் பால்பற்கள் 28இல் ஏறக்குறைய எல்லாமே வந்திருக்க வேண்டும். முன்பல் மட்டும் அரிசி மாதிரி முளைத்துவிட்டு, பின்பக்கம் ஈறு வெறுமையாக இருந்தால் அது 8 வாரக் குட்டி இல்லை.

பிராட்வே ஞாயித்துக்கிழமை சந்தையில கம்மி விலைக்குக் கிடைக்குதே, வாங்கலாமா?

வேண்டாம். யாரையும் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, குட்டியின் உயிருக்காகச் சொல்கிறேன். ஒரே கூண்டில் வேறு வேறு வீட்டுக் குட்டிகள், பக்கத்திலேயே பூனை, முயல், பறவை, வெயில், ஆயிரம் பேர் கை. பார்வோ கிருமி மலத்தில் வெளியேறி, தொட்ட கையிலும் மிதித்த செருப்பிலும் ஒட்டிக்கொண்டு போகும். தொற்றிய குட்டி அன்றைக்கு வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும், அறிகுறி தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். அதற்குள் அது உங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகள் பெயரும் வைத்திருப்பார்கள். அப்புறம் வாந்தி, ரத்தக் கழிச்சல்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. சந்தையில் தாய் இருக்காது. அவள் எங்கே இருக்கிறாள், எத்தனையாவது ஈற்று, இப்போது எப்படி இருக்கிறாள், எதுவும் தெரியாது. மேலே சொன்ன விதிகளில் ஒன்றைக்கூட உங்களால் சரிபார்க்க முடியாது. இங்கிலாந்தில் 2020இல் மூன்றாம் ஆள் மூலம் நாய்க்குட்டி விற்பதையே தடை செய்தார்கள். வளர்ப்பவரிடம் நேரில் போய், தாயோடு குட்டியைப் பார்த்துத்தான் வாங்க முடியும். இங்கே அப்படிச் சட்டம் இல்லை, ஆனால் நாமே அப்படி வாங்குவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

கூண்டுல பார்த்தா மனசு கேக்கல, பாவமா இருக்கு. அந்த ஒரு உயிரையாவது காப்பாத்தலாமேன்னு வாங்கினா தப்பா?

உங்கள் மனசு தப்பில்லை. ஆனால் காசு கைமாறிய அடுத்த ஞாயிறே அந்த இடத்தில் இன்னொரு குட்டி உட்கார்ந்திருக்கும், அதற்காக அந்தத் தாய் திரும்பவும் இணை சேர்க்கப்படுவாள். நோயுற்ற குட்டியைப் பார்த்தால் படம் எடுங்கள், கடையின் பெயர், நேரம், இடம் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். எங்கே என்பது கீழே வருகிறது. குட்டிக்கு உதவ அதுதான் வழி, நேரம் ஆகும் என்றாலும்.

இம்போர்ட் லைன்னு சொல்லி ரெண்டு மடங்கு விலை சொல்றாங்களே, அது இன்னா?

குட்டியின் அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ வெளிநாட்டிலிருந்து வந்தது என்று அர்த்தம். ரஷ்யா லைன், செர்பியா லைன், தாய்லாந்து லைன் என்று பெயர் சொல்வார்கள். இதில் இரண்டு சாத்தியம்தான் உண்டு. சொல்வது பொய்யாக இருக்கலாம், அப்போது உள்ளூர்க் குட்டிக்கு இரட்டை விலை கொடுக்கிறீர்கள். உண்மையாக இருக்கலாம், அப்போது அந்த நாய் எந்த வழியில் உள்ளே வந்தது என்று கேட்க வேண்டும். 2016 ஏப்ரல் முதல் வியாபாரத்துக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் நாய் இறக்குமதி செய்ய அனுமதி இல்லை.

அப்ப வெளிநாட்டு நாயைக் கொண்டு வரவே முடியாதா? ஏர்போர்ட்ல நாயோட வர்றவங்களைப் பார்க்கிறோமே?

அவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு இங்கே குடிபெயர்ந்து வருபவர்கள், கூட வருவது அவர்களே வளர்த்த நாய். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் 2016இல் மூன்று பேருக்குத்தான் வழி விட்டது. நாயின் பெட் புக் (நாயின் விவரப் புத்தகம்), மருத்துவப் பதிவுகள் எல்லாம் தன் பெயரிலேயே வைத்திருக்கும் சொந்தக்காரர், ஆராய்ச்சி நிறுவனங்கள், ராணுவம் மற்றும் காவல் துறை. குடிபெயர்ந்து வருபவர் தன் பயணப் பொருட்களோடு 2 செல்லப்பிராணிகள் வரை கொண்டு வரலாம்.

வருவதற்கு முன்பே விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சென்னைக்கான நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. புறப்படும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் தந்த நலச்சான்று, ரேபிஸ் தடுப்பூசி விவரம் எல்லாம் வேண்டும், இறங்கியதும் மருத்துவர் நாயைப் பார்ப்பார். காகிதம் சரியில்லை என்றால் தனிமைப்படுத்தலாம், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பவும் செய்யலாம். இந்த அதிகாரம் 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்திலிருந்து வருகிறது. நோய் கப்பலேறி வந்துவிடக் கூடாது என்ற பயம் அவ்வளவு பழசு.

45 நாள் இம்போர்ட் குட்டி, நேத்துதான் ஃபிளைட்ல வந்துச்சுன்றான். நம்பலாமா?

கணக்கே உதைக்கிறது. ரேபிஸ் ஊசியே பொதுவாக 3 மாத வயதில்தான் போடுவார்கள். ஊசி போட்டு ஒரு மாதமாவது கழிந்த பிறகுதான் நாய் விமானம் ஏற வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒழுங்காக வந்த குட்டிக்கு 4 மாதமாவது ஆகியிருக்கும், முன்பக்கப் பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்க ஆரம்பித்திருக்கும். அமெரிக்காவும் 2024 ஆகஸ்ட் முதல் 6 மாதத்துக்குக் குறைந்த நாயை நாட்டுக்குள் விடுவதில்லை, காரணம் இதே ரேபிஸ்தான்.

ஆக, 45 நாள் குட்டி நேற்று விமானத்தில் வந்தது என்றால் ஒன்று பொய், இல்லை கடத்தல். இரண்டாவது இன்னும் மோசம். ரேபிஸ் உடம்பில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும், தெரிய ஆரம்பித்த பிறகு நாய்க்கும் மனிதனுக்கும் மருந்து கிடையாது.

சிப் நம்பரை வச்சு எந்த நாட்டு நாய்னு கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு. மைக்ரோசிப் எண் 15 இலக்கம். முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கலாம்: இந்தியா 356, ரஷ்யா 643, உக்ரைன் 804, செர்பியா 688, தாய்லாந்து 764. ஆனால் 9இல் தொடங்கினால் அது சிப் தயாரித்த நிறுவனத்தின் எண், அதை வைத்து நாடு சொல்ல முடியாது, இங்கே போடும் சிப்களில் இதுவும் நிறைய வரும்.

முக்கியமானது, காகிதத்தில் உள்ள எண்ணும் நாயின் தோலுக்கடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்பது. காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு மருத்துவரிடம் ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள். தாய்க்கு 643 என்று இருந்து, அது இறங்கிய காகிதம் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்தால் அந்த வீட்டில் குட்டி வாங்காதீர்கள்.

என் மச்சான் வெளிநாட்டு வேலைய முடிச்சிட்டு ஊருக்கு வர்றார். அவர் பேர்ல ஒரு நாயை எடுத்துட்டு வந்தா பணம் தர்றோம்னு ஒருத்தர் சொல்றார். இதுல ஆபத்து இருக்கா?

இருக்கிறது, மச்சான் செய்யவே வேண்டாம். பர்மா பஜாருக்குச் சாமான் கொண்டு வரும் குருவி வேலையை நம் பக்கம் எல்லோரும் பார்த்திருப்பதால் இதுவும் அப்படித்தான், பிடிபட்டால் தீர்வை கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். உயிருள்ள விலங்கு அந்தக் கணக்கில் வராது. குடிபெயர்ந்து வருபவரின் சொந்த நாய் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது உங்கள் மச்சான். அது வியாபாரிக்கான நாய் என்று தெரிந்தால், பொய்யான உறுதிமொழி கொடுத்தவரும் அவர்தான், சுங்கச் சட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். காசு கொடுத்தவர் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது.

நாயின் பக்கத்திலிருந்தும் யோசியுங்கள். முன்பின் தெரியாத ஆளோடு, விமானத்தின் சரக்கு அறையில், மணிக்கணக்கில் கூண்டுக்குள். மூக்கு சப்பையான பக், ஃபிரெஞ்ச் புல்டாக் மாதிரி இனங்கள் சூட்டிலும் பதற்றத்திலும் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பதால்தான் பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதே இல்லை.

கே.சி.ஐ. பேப்பர் இருந்தா எல்லாம் சரிதானே?

இல்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையிடம் நம் சென்னையில்தான் இருக்கிறது, அவர்கள் தருவது வம்சாவளிச் சான்று. இந்த அப்பனுக்கும் இந்த ஆத்தாளுக்கும் பிறந்தது, இன்ன இனம் என்பதற்கு அது ஆவணம். நாயை நல்லபடி வைத்திருந்தார்களா, அரசுப் பதிவு இருக்கிறதா என்பதற்கு அது பதில் இல்லை, நலவாரியப் பதிவு வேறு. "வித் பேப்பர் இவ்வளவு, வித்தவுட் பேப்பர் இவ்வளவு" என்று ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு விலை சொன்னால் அங்கே பேப்பர் எப்படி வருகிறது என்பதையே சந்தேகப்படுங்கள்.

ஹஸ்கி மேல ரொம்ப ஆசை. ஏ.சி. ரூம்லயே வச்சிக்கிறேன், அப்பவும் வேணாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய், இரண்டு அடுக்கு ரோமம், ஒரு நாளைக்குப் பல கிலோமீட்டர் ஓடினால்தான் அடங்கும் உடம்பு. எண்ணூரிலும் மணலியிலும் மே மாதம் காலை எட்டு மணிக்கே தரை சுடுகிறது, காற்றில் கடலின் ஈரம் வேறு. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், ஈரக் காற்றில் அதுவும் சரியாக நடக்காது. ஏ.சி. அறையில் அடைத்தால் சூடு தீரும், ஓட்டம்? கரண்ட் போனால்?

தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று 11 இனங்களைக் குறிப்பிட்டு அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. ஹஸ்கி, அலாஸ்கன் மாலமியூட், செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, திபெத்திய மாஸ்டிஃப், பக் எல்லாம் அதில் உண்டு. ஏற்கெனவே வீட்டில் ஹஸ்கி இருந்தால் பதற வேண்டாம், அதைக் கடைசி வரை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ரோமத்தை மழிக்காதீர்கள், சீவி விடுங்கள். விடியற்காலையிலும் இரவிலும் மட்டும் நடக்க விடுங்கள்.

பிட்புல், ராட்வீலர் தடையா இல்லையா? ஒரு நாள் தடைன்றாங்க, ஒரு நாள் இல்லைன்றாங்க.

குழப்பம் நியாயமானதுதான். 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையை நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் செய்தது என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் 5 வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு தமிழகத்திலும் 23 இனத் தடை அறிவிப்பு வந்து உடனே நிறுத்திவைக்கப்பட்டது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் இந்த இரண்டு இனத்துக்கும் இனிப் புது உரிமம் இல்லை என்றும், ஏற்கெனவே இருப்பவற்றை வெளியே கூட்டி வரும்போது கயிறும் வாய்மூடியும் கட்டாயம் என்றும் தீர்மானம் போட்டது. எனவே சென்னைக்குள் இவற்றைப் புதிதாக வாங்காதீர்கள். விற்பவர் "தடையெல்லாம் கோர்ட்ல போயிடுச்சு" என்று சொல்வது 2024 கதை.

எங்க வீட்டு லேப் ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதாமே? குட்டிங்களை வித்தா தப்பா?

உடம்புக்கு நல்லது என்பது கட்டுக்கதை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாகும்போது கருப்பையில் சீழ் கோர்க்கும் ஆபத்து உண்டு, மடிக்கட்டியும் வரும். ஒரு ஈற்று இதைத் தடுக்காது, கருத்தடைதான் தடுக்கும்.

விற்பது பற்றி: இனப்பெருக்கம் செய்து விற்பவர் என்று விதி சொல்வதில், ஒரே ஒரு நாய் வைத்திருப்பவருக்குத் தனிச் சலுகை கிடையாது. லேப், அதாவது லாப்ரடார், எட்டு, பத்துக் குட்டி போடும். 8 வாரம் வைத்து, ஊசி, சிப், குடற்புழு மருந்து எல்லாம் பார்த்து, பதிவும் வாங்கி நடத்த முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் கருத்தடைக்குக் கூட்டிப் போங்கள்.

காசு வாங்காம, க்ராஸிங்குக்குப் பதிலா ஆண் நாய்க்காரருக்கு ஒரு குட்டி குடுத்தா அது விற்பனை இல்லையே?

பணத்துக்குப் பதில் குட்டி கைமாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் அதை விற்கத்தான் போகிறார், மீதிக் குட்டிகளை நீங்களும் சும்மா வைத்துக்கொள்ளப் போவதில்லை. மேலே சொன்னது அப்படியே பொருந்தும். தாய்க்கு 18 மாதம் ஆகிவிட்டதா, மருத்துவர் பார்த்தாரா என்பதும் இங்கே வரும். க்ராஸிங்கில் பரவும் நோய்களும் உண்டு, பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் கட்டி நம் ஊரில் அடிக்கடி பார்ப்பதுதான், ஆண் நாய் யாருடையது என்று தெரிந்தால் மட்டும் போதாது.

மாநகராட்சியில லைசென்ஸ் வாங்கிட்டா அந்த நாய் சட்டப்படி வந்ததுன்னு ஆயிடும்ல?

ஆகாது. மாநகராட்சி தருவது வளர்ப்பதற்கான உரிமம். ரேபிஸ் ஊசிச் சான்று, முகவரிச் சான்று, படம் கொடுத்து மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், வருடக் கட்டணம் 50 ரூபாய்தான். 2025இல் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தார்கள். கட்டாயம் வாங்குங்கள், தொலைந்த நாய் திரும்பக் கிடைக்கவும் அது உதவும். ஆனால் கடத்தி வந்த நாய்க்கு 50 ரூபாய் கட்டினால் கடத்தல் ஒழுங்காகிவிடாது. விற்பவர் இந்த உரிமத்தைக் காட்டி "லைசென்ஸ் இருக்கு சார்" என்றால், கேட்டது இனப்பெருக்கப் பதிவு என்று திரும்பச் சொல்லுங்கள்.

வாங்கின அஞ்சே நாள்ல குட்டி செத்துப்போச்சு. காசு திரும்ப வருமா?

முதலில் வருத்தங்கள். வழி இருக்கிறது, ஆனால் ஆதாரம் வேண்டும். சிகிச்சைச் சீட்டு, பார்வோ பரிசோதனை முடிவு, பணம் அனுப்பிய விவரம், விற்றவரோடு பேசிய வாட்ஸப், விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள். எப்போது வாங்கியது, எப்போது அறிகுறி தெரிந்தது என்ற இடைவெளி மிக முக்கியம். சந்தைக் கேள்வியில் சொன்ன 3 முதல் 7 நாள் கணக்கை வைத்து, விற்கும்போதே தொற்று இருந்திருக்கும் என்று மருத்துவரால் எழுதித் தர முடியும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

குட்டி இருந்த இடத்தை ப்ளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவுங்கள். பார்வோ தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஊசி முடியாத இன்னொரு குட்டியை இப்போதைக்கு அந்த வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

ஆன்லைன்ல பார்த்து அட்வான்ஸ் அனுப்பிட்டேன். இப்ப கூண்டுக்குக் காசு, ஏர்போர்ட் க்ளியரன்ஸ் காசுன்னு கேட்டுட்டே இருக்கான்.

நிறுத்துங்கள், இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்தக் குட்டி பெரும்பாலும் வெறும் படம்தான். உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணம் முடக்கப்பட வாய்ப்பு.

பக்கத்து மாடியில பத்து நாய் அடைச்சு வச்சிருக்காங்க, ராத்திரியெல்லாம் கத்துது, நாத்தம். யார்கிட்ட சொல்றது?

அந்தப் பகுதிக் காவல் நிலையம், வேப்பேரியில் உள்ள மிருகவதைத் தடுப்புச் சங்கம், மாநில விலங்குகள் நல வாரியம். மூன்றுக்கும் எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவில், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது, போதிய தீனி, தண்ணீர், நிழல் தராமல் வைப்பது எல்லாம் குற்றம். புகாரில் "நாத்தம்" என்று மட்டும் எழுதினால் அக்கம்பக்கத்துச் சண்டை என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். எத்தனை நாய், கூண்டு எவ்வளவு பெரிது, தண்ணீர் இருந்ததா, எந்தத் தேதியில் பார்த்தீர்கள், குட்டி விற்பனை விளம்பரம் எங்கே வந்தது என்று எழுதுங்கள். உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிவதைப் படம் எடுங்கள், சுவர் ஏறிக் குதிக்காதீர்கள், உங்கள் மேலேயே வழக்கு வரும். வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவை என்று தெரிந்தால் சுங்கத் துறைக்கும் எழுதுங்கள்.

அந்தச் சட்டத்துல முதல் தடவை அபராதமே 50 ரூபாதானாமே. யார் பயப்படுவாங்க?

உண்மை, 10 முதல் 50 ரூபாய்தான், 1960இல் போட்ட தொகை இன்னும் மாறவில்லை. அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் போராடிக் கொண்டு வந்தார். அவர் கொண்டு வந்ததை இத்தனை வருடம் கழித்தும் அதே தொகையில் வைத்திருப்பது எனக்குக் கோபம் வரும் விஷயம். ஆனாலும் புகார் வீண் இல்லை. குற்றம் நிரூபணமானால் நாய்களை உரிமையாளரிடமிருந்து எடுத்துவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, பதிவை ரத்து செய்யலாம். கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325ஆவது பிரிவில் 5 வருடம் வரை சிறை. வியாபாரிக்கு 50 ரூபாய் பெரிதில்லை, பத்து நாயும் கையைவிட்டுப் போவது பெரிது.

சரி, நல்ல இடம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

குட்டிக்கு முன்னால் தாயைக் காட்டச் சொல்லுங்கள். "ஊர்ல இருக்கு", "வேற வீட்ல இருக்கு", "கடிக்கும், கிட்ட போகாதீங்க" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். தாய் என்று ஒன்றைக் காட்டினால் மடியைப் பாருங்கள், பால் கொடுத்த மடி தெரியும். குட்டிகள் அவளிடம் ஓடுகின்றனவா? அவள் ஆள் வந்தால் வாலாட்டுகிறாளா, மூலைக்குப் போய் ஒடுங்குகிறாளா? எலும்பு தெரிகிறதா? முழங்கையில் காய்ப்பு, பாதம் விரிந்து போயிருப்பது எல்லாம் வெறுந்தரையிலும் கம்பிக் கூண்டிலும் கிடந்த அடையாளம்.

நல்லவர் உங்களையும் கேள்வி கேட்பார். வீடு சொந்தமா வாடகையா, பகலில் யார் இருப்பார்கள், முன்பு நாய் வளர்த்ததுண்டா என்று. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வந்து தருகிறேன் என்று சொல்பவர் எதையும் கேட்க மாட்டார்.

அப்ப நம்ம நாட்டு நாய் சிப்பிப்பாறை, ராஜபாளையம் வாங்கினா பிரச்சனையே இல்லையே?

வெயில் பிரச்சனை இல்லை, இறக்குமதிப் பிரச்சனை இல்லை. சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி, கோம்பை எல்லாம் இந்த மண்ணின் நாய்கள், ராஜபாளையத்துக்கு 2005இல் தபால் தலையே வந்தது. ஆனால் பேர் பெருகப் பெருக அவற்றையும் மாடியில் அடைத்துக் குட்டி போட வைக்கிறார்கள், தாயைப் பார்க்கும் விதி இங்கேயும் அதேதான். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு, குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். இவை ஓட்டத்துக்குப் பிறந்தவை, வியாசர்பாடி குடியிருப்பில் பத்துக்குப் பத்து அறையில் கட்டிப் போட்டால் தாங்காது. இடமில்லை, ஆனால் நாய் வேண்டும் என்றால் தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுங்கள். நம் வெயிலும் மழையும் அதற்குப் புதிதல்ல, நல்ல காவலும் இருக்கும். உங்களுக்கு ஆகும் செலவு ஊசிக்கும் கருத்தடைக்கும்தான்.

வயசான பெண் நாய், இனி குட்டி போடாதுன்னு சும்மாவே குடுக்கறாங்க. எடுத்துக்கலாமா?

மனசும் வசதியும் இருந்தால் தாராளமாக எடுங்கள். அப்படி ஒதுக்கப்படுபவை பாதி தெருவில் விடப்படுகின்றன, தீனி கிடைக்காத நிலையில் கைவிடுவதும் 11ஆவது பிரிவில் குற்றம்தான். காசு கொடுக்காதீர்கள், நாயை ஒப்படைத்ததாக எழுதி வாங்குங்கள், சிப் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். இவ்வளவு நாள் கூண்டில் இருந்தவளுக்கு மாடிப்படி ஏறத் தெரியாமல் இருக்கலாம், வீட்டுக்குள்ளேயே மலஜலம் கழிக்கலாம், விளக்குமாற்றை எடுத்தால் பயந்து ஒளியலாம். திட்டாதீர்கள், ஒரு மூலையில் சாக்கு விரித்து அது அவளுடைய இடம் என்று விட்டுவிடுங்கள், வெளியே வர வாரங்கள் ஆனாலும் ஆகட்டும்.

முதல் வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மாதவரம் பால்பண்ணைப் பக்கம் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். கருப்பை, மடிக்கட்டி, பல், ரத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். வேப்பேரியில் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். ரத்த முடிவு சரியாக இருந்தால் அன்றைக்கே கருத்தடைக்குத் தேதி கேட்டு வாங்கிவிடுங்கள்.